ஆண்டு எழுதாத பால்

திராட்சைக்கு ஆண்டு உண்டு. ஒயின் புட்டியில் ஒட்டிய தாளில் தோட்டத்தின் பெயருக்குப் பக்கத்தில் அதை அச்சிடுகிறார்கள். அந்தக் கோடையில் வெயில் எப்படிக் காய்ந்தது, காய் பழுக்கிற நேரத்தில் மழை வந்து கெடுத்ததா என்பதெல்லாம் தெரிந்தவர்கள், நான்கு இலக்கத்தைப் பார்த்தே விலை சொல்லிவிடுவார்கள். அறுவடைக்கு முந்தைய வாரம் கனமழை பெய்தால் பழம் தண்ணீரை இழுத்துப் பருக்கும், இனிப்பு நீர்த்துப் போகும், தோல் வெடித்துப் பூசணம் ஏறும். ஓர் ஆண்டின் வானமே சாற்றில் கரைந்திருப்பதாகவும் அதை நாக்கால் வாசிக்க முடியும் என்றும் அவர்கள் நம்புகிறார்கள். இதில் பாதி வியாபாரம் என்பது என் சந்தேகம். ஆனாலும் பருவத்துக்கு இத்தனை மரியாதை செய்கிற வேறு விளைபொருள் எனக்குத் தெரிந்து இல்லை.

எங்கள் ஊர்ப் பயிர் திராட்சை அல்ல. மலேசியாவின் மலாக்கா மாநிலத்தில், ஜாசினிலும் அலோர்காஜாவிலும் மெர்லிமாவிலும் அசகானிலும் எங்கள் பாட்டன்மார் நூறாண்டுக்கு மேல் அறுவடை செய்தது ரப்பர் மரத்தின் பட்டைக்குள் ஓடிய பாலை. அந்தப் பாலுக்கும் பருவம் உண்டு. நல்ல மாதம் உண்டு, கெட்ட மாதம் உண்டு. மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணத்துக்கு மங்கு என்று பெயர்; ஒரே மரத்தில் ஒரே கை வெட்டினாலும் நேற்றைய மங்கும் இன்றைய மங்கும் ஒன்றாக இருக்காது. ஆனால் ஆலைக்குப் போய், அமிலம் கலந்து, உறைந்து, உருளையில் நசுங்கிப் பாளமாகக் கட்டப்பட்டு வெளியே வரும்போது அதில் எந்த மழையும் எந்த வெயிலும் மிச்சமில்லை. பாளத்தில் தரம் எழுதுவார்கள், ஆண்டை எழுதமாட்டார்கள். டயர் வாங்குகிறவனுக்கு அது தேவையுமில்லை.

மலாக்காவுக்கு இந்த மரம் வந்த கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே மரவள்ளிதான் பெரிய பயிர். மண்ணை உறிஞ்சித் தின்றுவிட்டு அடுத்த காட்டுக்கு நகரும் பயிர். சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் ரிட்லி, ரப்பர் விதைகளோடு அலைந்து, பார்க்கிற தோட்டக்காரர்களையெல்லாம் நடச் சொல்லி நச்சரித்துக் ‘கிறுக்கு ரிட்லி’ என்று பெயர் வாங்கியிருந்தார். அவர் பேச்சைக் காதில் வாங்கியவர் மலாக்காவின் டான் சே யான். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கரில் நட்டுப் பார்த்தார். மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டங்களில் அது ஒன்று. அடுத்து அசகானில் பெரிய அளவில் இறங்கினார். மரம் நிறைய வந்தால் வெட்ட ஆள் வேண்டும். நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் வந்தது.

வந்தவர்கள் தமிழ் மாதங்களையும் கொண்டுவந்தார்கள். அது இந்த மண்ணுக்குப் பாதி பொருந்தியது, பாதி பொருந்தவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை இங்கேயும் சொன்னபடி வந்தது. சித்திரையில்தான் கணக்கு தவறியது. சேலத்திலும் திருச்சியிலும் மண் வெடிக்கிற சித்திரையில் இங்கே பிற்பகல்தோறும் இடி இடித்துக் கொட்டியது. மலாக்காவில் ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 2,000 மில்லிமீட்டர் மழை. அதற்கு இரண்டு உச்சங்கள், ஒன்று பங்குனி சித்திரையை ஒட்டி, மற்றது ஐப்பசியை ஒட்டி. இரண்டுக்கும் நடுவே, தை கடைசியிலிருந்து மாசி வரை, ஒரு சின்ன வறட்சி. ரப்பர் மரத்தின் ஆண்டு அந்த வறட்சியில் தொடங்குகிறது.

குளிர்காலமே இல்லாத நாட்டில் ஒரு மரம் முற்றாக இலையுதிர்ப்பது வினோதம்தான். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கும் குளிர்காலம் கிடையாது. அங்கே விவசாயியே கவாத்து வெட்டிக் கொடியை மொட்டையாக்கி ஒரு குளிர்காலத்தைச் செய்துகொடுக்கிறார். அதனால்தான் அங்கே எந்த மாதம் போனாலும் ஏதோ ஒரு பந்தலில் பழம் தொங்குகிறது. ரப்பருக்கு அந்த உதவி வேண்டாம். நான்கைந்து வயதானதும் ஆண்டுக்கொருமுறை தானே மொட்டையாகிவிடும். இலை சிவந்து, மஞ்சளாகி, இரண்டு மூன்று வாரத்தில் கொட்டித் தீரும். ஆண்டெல்லாம் இருட்டாகக் கிடக்கும் தீம்பார் என்கிற ரப்பர்க் காட்டில் திடீரென்று வானம் தெரியும். காலுக்கடியில் சருகு முழங்கும். பாம்பு கூடச் சொல்லிக்கொண்டுதான் வரும். ஒரு பீடித் துண்டு போதும், நிரை நிரையாக எரிந்துவிடும்.

இந்த வறட்சி எவ்வளவு ஒழுங்காக வருகிறது என்பதில்தான் அந்த ஆண்டின் தலையெழுத்து இருக்கிறது. மழை சுத்தமாக நின்று வெயில் காய்ந்தால் எல்லா மரமும் ஒன்றாக உதிர்க்கும், ஒன்றாகத் துளிர்க்கும், இலை சீக்கிரம் முற்றிவிடும். வறட்சி சரியாக அமையாமல் விட்டுவிட்டுத் தூறினால் ஒரு மரம் உதிர்க்கும், பக்கத்து மரம் யோசிக்கும். துளிர்ப்பு வாரக்கணக்கில் இழுத்துக்கொண்டே போகும். செம்பு நிறத்தில் தொங்கும் இளந்துளிர் மீது, பனி ஈரமும் தூறலும் சேர்ந்த காலைகளில், சாம்பல் பூசணம் ஏறும். பிஞ்சு இலை சுருண்டு மறுபடியும் கொட்டும். மரம் இரண்டாம் முறை சேமிப்பைச் செலவழித்துத் துளிர்க்க வேண்டும். தோட்டங்களில் கந்தகத் தூளை ஊதுகுழல் எந்திரத்தால் மேலே அடிப்பார்கள். மஞ்சள் புகை மரத்தலைகளுக்கு நடுவே நிற்கும்.

துளிர் விடும் வாரங்களில் பால் ஆகக் குறைவு. மரம் தன்னிடம் உள்ளதை இலைக்குக் கொடுக்குமா, நம் மங்குக்குக் கொடுக்குமா? செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயில் மாசி மகம் இந்தச் சமயத்தில்தான் வரும். தோட்டத்துச் சனம் திருவிழாவுக்குப் போக இதைவிடத் தோதான காலம் இல்லை, வெட்டுக்குப் போகாவிட்டாலும் பெரிதாக நட்டமில்லை. கையில் காசு குறைவாக இருப்பதும் அதே காலத்தில்தான். செருப்பு, வளையல், பலூன் எல்லாவற்றுக்கும் பிள்ளைகள் கேட்ட விலை ஒன்று, கிடைத்த பதில் ஒன்று. ‘தீவாளிக்குப் பாத்துக்கலாம்’ என்பது மாசியில் சொல்லப்படும் வாக்கு. அதற்கு ஓர் உயிரியல் காரணம் இருந்தது என்பது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் விளங்கியது.

இலை முற்றி, பூத்து, காய்த்து, ஆவணி வாக்கில் காய் ‘பட்’டென்று வெடித்து விதை தெறிக்கும். அதற்குப் பிறகு பால் ஏறும். புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழிதான் மரம் தாராளமாகக் கொடுக்கும் மாதங்கள். ரப்பரின் ஆண்டில் எனக்கு மிக அநியாயமாகத் தோன்றுவது இதுதான். மரம் கொடுக்கத் தயாராக இருக்கும்போது வானம் வெட்ட விடாது. ஐப்பசி மழை காலையில் இறங்கிவிட்டால் அன்று வெட்டு இல்லை. தீபாவளி முன்பணத்தை எதிர்பார்த்து ஒவ்வொரு மங்கையும் எண்ணுகிற நேரத்தில், நிறைந்த மரத்துக்கும் காலி வாளிக்கும் நடுவே மழை நின்றுகொண்டிருக்கும்.

காலை ஏன் அவ்வளவு முக்கியம் என்பதையும் சொல்ல வேண்டும். பட்டைக்குள் பால்குழாய்கள் மரத்தைச் சுற்றி லேசாகச் சாய்ந்து மேலேறுகின்றன; அதனால்தான் வெட்டைக் குறுக்கே போடாமல், இடப்புறம் உயர்த்தி வலப்புறம் இறக்கிச் சாய்வாகப் போடுகிறோம், அதிகக் குழாய்கள் அறுபடட்டும் என்று. இரவெல்லாம் வேர் உறிஞ்சிய நீரால் விடியுமுன் அந்தக் குழாய்களில் அழுத்தம் பத்து வளிமண்டலத்துக்கும் மேலே நிற்கும். கத்தி பட்டதும் பால் பீறிக்கொண்டு வருவது அதனால்தான். வெயில் ஏறி இலை வியர்க்கத் தொடங்கினால் அழுத்தம் இறங்கும், ஓட்டம் மெலியும், வெட்டுவாய் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். பத்து மணிக்கு வெட்டுகிற மரம் ஆறு மணிக்கு வெட்டுகிற மரம் கொடுப்பதைக் கொடுக்காது. ஆகவே விடியல் மூன்று மணி நேரம்தான் மொத்த அறுவடைக் காலமும். திராட்சைக்காரனுக்கு ஆண்டுக்கு ஒரு முறை வருகிற பதற்றம் இங்கே தினமும் வந்தது.

மலாக்கா நீரிணையைப் பார்த்த மாநிலம் இது. சித்திரை முதல் கார்த்திகை வரை, எதிர்க்கரையில் இரவில் திரண்ட இடிமேகங்கள் வரிசை கட்டிக் கடலைத் தாண்டி வரும். சுமத்ரா என்றே அதற்குப் பெயர். பகலில் வந்தாலும் பரவாயில்லை. பெரும்பாலும் வருவது விடிவதற்கு முன்னாலும் காலையிலும்தான், சரியாகப் பெரட்டு என்கிற ஆள் கணக்கெடுப்பு நேரத்தில். முதலில் ஒரு குளிர்ந்த காற்று தகரக் கூரையை உலுக்கும். அடுத்த கால்மணியில் பேய்மழை. ஒரு மணி நேரமோ இரண்டோ அடித்துவிட்டு, தூறலாக இழுத்து, ஒன்பது மணிக்கு ஒன்றுமே நடக்காததுபோல வெயில் காயும். மதியத்துக்குள் துணி உலர்ந்துவிடும். மரம் மட்டும் சீக்கிரம் உலராது. ஈரப் பட்டையில் வெட்டினால் பால் கோட்டில் ஓடாமல் பட்டையெங்கும் வழிந்து வீணாகும். வெட்டுவாயில் கருங்கோடு நோய் இறங்கிப் பட்டையையே அழுகச் செய்யும். பாதி வெட்டியிருக்கும்போது மழை பிடித்தால் அதைவிட மோசம். மங்குகளில் மழைநீர் நிறைந்து பால் வெள்ளை வெள்ளையாகத் தரையில் வடியும். அந்த நிரை முழுவதும் நடந்த நடை, வெட்டிய வெட்டு, செலவான பட்டை எல்லாம் போச்சு.

என் அத்தை அசகான் பக்கத் தோட்டம் ஒன்றில் முப்பது ஆண்டுக்கு மேல் வெட்டியவர். மழை வருமா என்று கேட்டால் வானத்தைப் பார்க்கமாட்டார். கூரைத் தகரத்தில் கையை வைத்துப் பார்ப்பார், கொல்லைக் கோழி எங்கே ஒண்டியிருக்கிறது என்று பார்ப்பார். “இன்னிக்கு மண்டோரு விசில் ஊதமாட்டாரு, படுங்கடா” என்பார். வேலைக்கு அழைக்கும் மேற்பார்வையாளர்தான் மண்டோர். பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி. அவர் படுக்கமாட்டார். திண்ணையில் உட்கார்ந்து மழை விடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். எட்டரைக்குள் விட்டால் பட்டை காய்கிற வரை காத்திருந்து பிந்திய வெட்டுக்குக் கூப்பிடலாம். பால் குறையும், ஆனாலும் ஒரு நாள் பெயர் விழும். விடாவிட்டால் புல் வெட்டவோ கான் தோண்டவோ சிலருக்கு மட்டும் குறைந்த கூலியில் ஏதாவது கிடைக்கும். மற்றவர்களுக்கு அந்த நாள் கிடையாது.

மழை இன்னொரு வழியிலும் கூலிக்குள் நுழைந்தது. பாலைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஸ்டோரில் எடை மட்டும் போடமாட்டார்கள். மெட்ரோலாக் என்கிற கண்ணாடி மிதவையை விட்டு அதில் எத்தனை பங்கு உலர்ந்த ரப்பர் என்று அளப்பார்கள். பொதுவாக மூன்றில் ஒரு பங்கு தேறும். நல்ல மழைக்கு மறுநாள் மரம் தண்ணீரை ஏற்றிக்கொண்டு வாளி வாளியாகக் கொடுக்கும், மிதவை அமிழாமல் மேலே எழும்பி நிற்கும். காண்டா என்கிற தோள்கம்பில் தோள் கடுக்கத் தூக்கி வந்த கனத்துக்கும் கணக்கரான கிராணி எழுதுகிற எண்ணுக்கும் அன்றைக்குப் பொருந்தாது. மழையில் பருத்த திராட்சைக்கு நேர்வதும் இதேதான். அங்கே அதை ‘மெல்லிய ஆண்டு’ என்று சொல்லி விலையைக் குறைப்பார்கள். இங்கே வாளியில் தண்ணீர் கலந்ததாக வெட்டியவர் மீதே சந்தேகப் பார்வை விழுந்த நாட்களும் உண்டு.

வானத்தின் நட்டத்தை யார் ஏற்பது என்பது தோட்டங்களின் நெடுநாள் வழக்கு. 1967இல் அசகான் தோட்டத்துத் தொழிலாளர்கள் நியாயம் கேட்டுக் கோலாலம்பூர் வரை நடந்தே போனார்கள். மலாக்காவின் பழைய ஆட்கள் அதை இன்றும் பேசுகிறார்கள். 1990இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் மாதச் சம்பளம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தது. மாதச் சம்பளம் என்ற கோரிக்கையின் உள்ளே இருந்தது மழைதான் என்பேன். மாதம் இத்தனை வெள்ளி என்று ஆகிவிட்டால் காலை ஐந்து மணிக்குத் தகரத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை. 2013இல் 900 வெள்ளி குறைந்தபட்ச ஊதியச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது மலாக்காத் தோட்டங்களில் வெட்டுக்கத்தி பிடித்த தமிழ்க் கைகள் மிகச் சொற்பம். பலர் பத்து பெரெண்டாமிலும் செங்கிலும் அடுக்குமாடிகளிலும் தாமான் வீடுகளிலும் இருந்தார்கள். ஆயர் குரோ தொழிற்பேட்டைகளில் மழை பெய்தாலும் எந்திரம் ஓடியது.

மீண்டும் திராட்சைக்கு வருவோம். பிரான்சில் போன் என்ற ஊரில் 1354 முதல் 2018 வரை திராட்சை அறுவடை தொடங்கிய தேதிகளை ஆய்வாளர்கள் திரட்டியிருக்கிறார்கள். வெப்பம் மிகுந்த ஆண்டில் பழம் முந்திப் பழுக்கும், குளிர்ந்த ஆண்டில் பிந்தும். எனவே தேதிப் பட்டியல் என்பது அறுநூற்றறுபது ஆண்டு வெப்பமானி. 1988க்குப் பிறகு அறுவடை சராசரியாக 13 நாள் முந்திவிட்டது என்று அதிலிருந்து கண்டார்கள். என்னை உட்கார்த்தி வைத்தது அந்த 13 நாள் அல்ல. அந்தத் தேதிகள் எங்கிருந்து வந்தன என்பதுதான். மது சுவைத்தவர்களின் குறிப்பிலிருந்து வந்தவை அல்ல. அங்கிருந்த மாதா கோயில் தன் தோட்டத்தில் பழம் பறித்த கூலிகளுக்கு எந்த நாளில் பணம் கொடுத்தது என்று எழுதி வைத்த கணக்கு அவற்றின் முக்கியமான ஆதாரங்களில் ஒன்று. ஐரோப்பாவின் வானிலை வரலாற்றில் ஒரு பகுதி கூலிக்கணக்கில் கிடந்திருக்கிறது.

கூலிக்கணக்கு எங்களிடமும் இருந்தது. ஒவ்வொரு தோட்டத்திலும் செக்ரோல். ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு வரி, மாதத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம். இத்தனை பவுண்டு பால், இத்தனை கட்டிப்பால், அரை நாள், முழு நாள், சீக்கு, மழை. அசகானிலிருந்து தெபோங் வரை, 1900களின் தொடக்கத்திலிருந்து தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலம் வரை, அந்தக் கட்டங்களை அடுக்கினால் மலாக்காவின் எந்த விடியலில் மழை பெய்தது, எந்த மாசியில் வறட்சி தவறியது, எந்த ஆண்டு துளிர் இரண்டு முறை கொட்டியது என்று நாள் பிசகாமல் சொல்லியிருக்கலாம். மழைமானி மழையின் அளவைச் சொல்லும். செக்ரோல் அது எத்தனை வீட்டு அடுப்பில் பெய்தது என்பதையும் சேர்த்துச் சொல்லும்.

மரத்திலும் ஒரு பதிவு இருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டினால் மாதத்துக்கு ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகப் பட்டை இறங்கும். மழை மாதத்தில் இறக்கம் குறையும். பட்டையில் மாதப் புள்ளி வைத்துப் போவார்கள், மிகையாகச் சீவுகிறவர்களைப் பிடிக்க. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே இடைவெளி சுருங்கியிருந்தால் அது அடைமழை மாதம் என்று அர்த்தம். ஆனால் ஆறேழு ஆண்டில் புதுப்பட்டை வளர்ந்து அதன் மேலேயே மறுபடி வெட்டு வந்துவிடும். பிறகு மறுநடவு; மரம் தளவாடச் சாமான் செய்யப் போய்விடும்.

இப்போது அந்த நிலங்களில் பெரும்பாலும் செம்பனை. அதன் பருவ நினைவு வேறு வகை, கொஞ்சம் பயமுறுத்துகிற வகை. வறட்சி வந்தால் பனை அன்றைக்கு ஒன்றும் காட்டாது. உள்ளே உருவாகிக்கொண்டிருக்கிற பாளை பெண்ணாவதற்குப் பதில் ஆணாகிவிடும். ஒன்றரை இரண்டு ஆண்டு கழித்துக் குலை வர வேண்டிய இடத்தில் குலை இருக்காது. பாளையே கருகிப்போகும் சேதம் அதற்கு முன்னாலேயே தெரியும். 2015-16 எல் நினோ சமயத்தில் மலேசியாவின் செம்பனை எண்ணெய் உற்பத்தி ஓராண்டில் ஏறத்தாழ 2 கோடி டன்னிலிருந்து 1 கோடியே 73 லட்சம் டன்னாக விழுந்தது. குலை வெட்டுகிறவர்கள் இப்போது வங்காளதேசத்தவரும் இந்தோனேசியர்களும். போன ஆண்டின் வறட்சியில் அவர்கள் இந்த நாட்டுக்கே வந்திருக்கமாட்டார்கள், அதன் குறைச்சல் மட்டும் இந்த ஆண்டு அவர்கள் எடைச்சீட்டில் வரும். ரப்பரிலும் புதுத் தொல்லை. 2017 வாக்கில் தலைகாட்டிய ஒரு பூசண நோய் இலையைப் பருவமில்லாத பருவத்தில் கொட்டச் செய்கிறது. சிறுதோட்டக்காரர் சிலர் மாசி எது, ஆடி எது என்று மரத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை என்கிறார்கள்.

ஜாசின் பக்கம் முன்னாள் கிராணி ஒருவரைத் தெரியும். எண்பதைத் தாண்டியவர், கையெழுத்து இன்னும் அச்சு மாதிரி. செக்ரோலில் மழையை எப்படிக் குறிப்பீர்கள் ஐயா என்று கேட்டேன். “சிவப்பு மையில ஒரு வட்டம் தம்பி. எல்லார் வரியிலயும் மேலேருந்து கீழ வரைக்கும் ஒரே நேரா வரும். ஐப்பசிப் பக்கத்தைத் திறந்தா அம்மை போட்ட மாதிரி இருக்கும்” என்றார். டுரியான் துங்கால் அணை வறண்டு மலாக்காவே லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்ற 1991ஆம் ஆண்டுப் புத்தகத்தில் மாதக்கணக்கில் வட்டமே இல்லையாம். வேலை நாள் கூடியது, பால்தான் இல்லை. மங்கின் அடியில் ஒட்டியதைச் சுரண்டி எடுத்தார்களாம். அந்தப் புத்தகங்கள் இப்போது எங்கே என்றேன்.

“தோட்டம் கைமாறும்போது வாங்கினவங்க ஆபீசுல இருந்த சாமானையெல்லாம் எண்ணி லிஸ்ட் போட்டாங்க. மேசை ஆறு, நாற்காலி இருபத்திரண்டு, இரும்புப் பெட்டி ஒண்ணு. புஸ்தகத்தை எந்தக் கணக்குல சேக்கறதுன்னு என்னையக் கேட்டாங்க. பழைய பேப்பர்னு எழுதிக்கச் சொன்னேன். வேற என்ன சொல்றது?”